துண்டு போட்டால் இரண்டு வயது

கேளிக்கைப் பார்க் வாசலில் வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் என் அக்கா மார்லா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற முகத்தோடு குழந்தையைத் தள்ளுகிற ஸ்ட்ரோலர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் மகள் பிரின்லி வாயில் ரப்பர் நிப்பிளோடு, மோட்டல் அறையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைத் துண்டால் தலை வரை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். பிரின்லிக்கு மூன்று முடிந்து ஒரு மாதமாகிறது.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று எங்கள் குடும்பத்தில் அவளைக் கேலி செய்வோம். ஆனால் அவள் கஞ்சத்தனம் தனக்காக இல்லை. அவள் கணவன் டுவெயினுக்குக் கிடங்கில் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மகன் கோல்பிக்கு ஏழு வயது; இந்தப் பார்க்குக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து இரண்டு கோடை ஓடிவிட்டது. இந்த வருஷம் எப்படியாவது போயே தீருவது என்று கென்டக்கியிலிருந்து ராத்திரி முழுக்க வேன் ஓட்டிக்கொண்டு ஃபுளோரிடா வந்து சேர்ந்தோம். மாற்றி மாற்றி ஓட்டவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் கூட ஓர் ஆள் வேண்டுமென்று என்னை இழுத்து வந்தாள். கல்யாணம் ஆகாதவளுக்கு லீவே கிடையாது என்பது எல்லாருடைய எண்ணம்.

வேனிலேயே ஒத்திகை நடந்தது. மார்லா அதை ஒரு விளையாட்டாக ஆக்கியிருந்தாள்.

"துண்டு போட்டா பாப்பாவுக்கு ரெண்டு வயசு. ரெண்டு வயசுப் பாப்பா என்ன பண்ணும்?"

"பேசாது," என்றாள் பிரின்லி.

"அப்புறம்?"

"யாரு கூப்பிட்டாலும் கேக்காது. சும்மா படுத்திருக்கும்."

"எதுவரைக்கும்?"

"அம்மா துண்டை எடுத்து 'பாப்பாவுக்கு மூணு வயசு'ன்னு சொல்ற வரைக்கும்!"

"சமத்து!"

ஸ்டியரிங்கில் இருந்த டுவெயின் திரும்பாமலே தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான். "நடுவுல வாயத் தொறந்தேன்னு வை, பார்க்குல வேலை பாக்கற பச்சைச் சட்டைக்காரங்க வந்து அம்மாவ வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுவாங்க. நாம மட்டும் உள்ள, அம்மா மட்டும் வெளிய."

"குழந்தைகிட்ட பேசற பேச்சாடா இது?" என்றேன்.

"அப்ப நீ டிக்கெட் வாங்கிக் குடு ரோனா. மூணு வயசுக்கும் உனக்கும் கிட்டத்தட்ட ஒரே ரேட்டுதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தேன், பிரின்லி சிரிக்கவில்லை. அப்பா சொன்னதை அவள் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியம்மா எங்கள் டிக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு வண்டிக்குள் குனிந்தாள்.

"குட்டிக்கு என்ன வயசு?"

"ரெண்டு," என்றாள் மார்லா. "இப்பதான் கண்ணசந்தா."

"ஐயோ, எழுப்பிடாதீங்க கண்ணு. நல்லா இருங்க எல்லாரும்."

அவ்வளவுதான். போலீஸ் வரவில்லை, விசில் அடிக்கவில்லை. கழிப்பறைப் பக்கம் ஒதுங்கியதும் மார்லா துண்டை எடுத்து, காதோடு காதாக, "பாப்பாவுக்கு மூணு வயசு!" என்றாள். பிரின்லி நிப்பிளைத் துப்பிவிட்டு, வில்லிலிருந்து விட்டதுபோல் வண்டியிலிருந்து குதித்தாள்.

அந்தக் காலை நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் பொம்மைக் கடை முன்னால் அடம் பிடிக்கத் தொடங்கினால், ஊரிலேயே ஒரு டாலர் கடையில் வாங்கி வைத்திருந்த பொம்மைகளில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவாள் மார்லா. தண்ணீர் பாட்டில் வாங்க மாட்டாள். கடைக் கவுண்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மா தருவார்கள், அதற்கு நான்தான் தூதுவர். எங்கள் நீல வண்டிகூடப் பார்க்குக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் இருந்ததிலேயே மலிவானது. எங்களைப்போல இழுத்துப் பறித்து வந்த எல்லாக் குடும்பமும் அதையேதான் வாங்கியிருந்தது என்று உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. அடையாளத்துக்கு மார்லா கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள். கோல்பி அதை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரனாகிவிட்டான். யாரும் கவனிக்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வேனுக்கு நடந்தோம். ஐஸ் பெட்டியிலிருந்த வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சையும், மோட்டலில் காலையில் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்த அவித்த முட்டையையும் தின்றோம். திரும்ப உள்ளே நுழைய வேண்டும். அதே வாசல், அதே விளையாட்டு. பிரின்லி சோர்ந்து போயிருந்தாள். ஆனாலும் துண்டைப் பார்த்ததும் தானாகவே படுத்து நிப்பிளை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவையும் யாரும் எங்களைப் பிடிக்கவில்லை.

உள்ளே வந்ததும் மார்லா துண்டைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"நிஜமாவே தூங்கிட்டா," என்றாள்.

"அப்ப விடு. கொஞ்ச நேரம் நிம்மதி," என்றான் டுவெயின்.

வெயில் படாமல் இருக்கத் துண்டை வண்டியின் குடைமேல் இழுத்து விட்டாள். சொல்ல வேண்டியதை அவள் சொல்லவில்லை. தூங்குகிற பிள்ளைக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

அடுத்தது தண்ணீர்ப் படகுச் சவாரி. குட்டிகளை ஏற்ற மாட்டார்கள். அதற்கு அங்கே ஒரு வசதி உண்டு: முதலில் ஒருவர் பெரிய பிள்ளையோடு ஏறலாம், மற்றவர் சின்னதோடு வெளியே நிற்கலாம், பிறகு ஆள் மாற்றிக்கொள்ளலாம், மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். பெரிய பிள்ளைக்கு இரண்டு சவாரி. ஒரே காசுக்கு இரண்டு என்றால் மார்லா விடுவாளா?

டுவெயினும் கோல்பியும் ஏறினார்கள். மார்லா வண்டியை வேலியோரம் மர நிழலில் நிறுத்தினாள். என்னிடம், "நீ போய்த் தண்ணி வாங்கிட்டு வா ரோனா, எல்லாருக்கும்," என்றாள். நான் போனேன். கவுண்டரில் கூட்டம்.

நான் இல்லாதபோது நடந்ததைப் பிற்பாடு துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். டுவெயின் நனைந்த கோழியாக வெளியே வந்தான். சவாரி வாயிலில் நின்ற பார்க் ஊழியன், அடுத்தவர் உடனே ஏறாவிட்டால் ஆள் மாற்றிக்கொள்ளும் முறை போய்விடும் என்று அவசரப்படுத்தினான். மார்லா கோல்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே கையை வேலிப் பக்கம் ஆட்டி, "அந்தப் பக்கம்!" என்றாள். டுவெயின் திரும்பினான். அந்தப் பக்கம் தூரத்தில் நான் கோப்பைகளோடு வரிசையில் நின்றது தெரிந்தது. குழந்தை சித்தியோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சட்டையைப் பிழியப் போய்விட்டான். நான் தண்ணீரோடு வந்தபோது அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்; வண்டியை நான் பக்கத்தில் எங்கோ நிழலில் விட்டிருப்பேன் என்று நினைத்தானாம். அக்கா வண்டியை எங்காவது துணி மாற்றுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவனுக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். அவன் ஒரு ஜோக் அடித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மார்லா சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எங்களுக்கு நடுவில் பார்த்தாள்.

"பாப்பா எங்க?"

டுவெயின் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.

"விளையாடாதீங்க," என்றாள். "எங்க என் பொண்ணு?"

வேலியோரம் ஓடினோம். மரம் இருந்தது. நிழல்கூட நகர்ந்து வேறு எங்கோ போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு வண்டிகூட இல்லை. பளபளவென்று கழுவிவிட்ட நடைபாதை மட்டும்தான். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஜனங்கள் பார்க்கில் தினமும் விடுகிற ஊர்வலத்தைப் பார்க்கக் கூடிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை மட்டும் காணோம் என்றால் எழுந்து நடந்து போயிருப்பாள் என்று நினைக்கலாம். வண்டியோடு காணோமே! தூங்குகிற பிள்ளையை, முகம் மூடிய பிள்ளையை, யாராவது தள்ளிக்கொண்டு போனால் எவன் தடுப்பான்? நீல வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எந்தத் திசையில் பார்த்தாலும் இருந்தார்கள். டுவெயின் ஒரு வண்டியின் பின்னால் ஓடித் துண்டைப் பிடுங்கினான். உள்ளே யாரோ ஒரு பையன் அலறினான். அவன் அப்பா டுவெயினின் சட்டையைப் பிடித்தான். மார்லா நடுரோட்டில் நின்று மகள் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தாள்.

பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி ஓடி வந்தாள். வயதில் மூத்தவள், கையில் வாக்கி-டாக்கி.

"அம்மா, என்னைப் பாருங்க. பேரு?"

"பிரின்லி."

"என்ன டிரெஸ்?"

"மஞ்சள்... மஞ்சள் கவுன்."

"வயசு?"

மார்லாவின் வாய் திறந்து மூடியது. அவள் கண்கள் அந்தப் பச்சைச் சட்டையையே பார்த்தன. அந்த ஒரு விநாடியில் நான் அவளை அறைந்திருப்பேன்.

"மூணு," என்றாள். "மூணு முடிஞ்சிருச்சு. பொய் சொல்லித்தான் உள்ள கொண்டாந்தோம். என்ன வேணாலும் பண்ணுங்க, என் புள்ளயக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அந்தப் பெண் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. "நடப்பாளா? பேரு கேட்டா சொல்வாளா?"

"எல்லாம் சொல்வா. ஓயாமப் பேசுவா. வண்டியில இருந்தா. நீல வண்டி. இங்கதான் விட்டேன்!"

"இங்கயா? ஊர்வலத்துக்காக இங்க இருந்த வண்டியெல்லாம் பின்னாடி எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

வாக்கி-டாக்கியில் யாரையோ கேட்டாள். குழந்தை இருக்கிற வண்டியை எடுக்க மாட்டோம், காலி வண்டிகளைத்தான் நகர்த்தினோம் என்று பதில் கரகரத்தது. காலியா என்று எப்படிப் பார்த்தீர்கள் என்றாள். கூப்பிட்டுப் பார்த்தோம், யாரும் அசையவில்லை, வெறும் துண்டும் பையும்தான் என்று வந்தது.

நாங்கள் ஓடினோம். ஊர்வலத்தின் மேளச் சத்தம் தொடங்கிவிட்டது. பாப்கார்ன் கடைக்குப் பின்னால் ஒரு மரக்கதவு. அதற்கு அப்புறம் ஒரு சிமெண்டு முற்றம். ஒரு பொட்டு நிழல் இல்லை. அங்கே வண்டிகள் வரிசை வரிசையாக, அந்தக் கொதிக்கிற வெயிலில் நின்றன. பாதிக்கு மேல் நீலம். எல்லாவற்றின் மேலும் துண்டு, போர்வை, மழைக்கோட்டு. வெயிலுக்குப் பயந்து எல்லாத் தாய்மாரும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வரும், காரில் மறந்துவிட்டுப் போன குழந்தைகளைப் பற்றி. கண்ணாடி ஏற்றிய கார், பின் இருக்கை. இவர்களெல்லாம் பெற்றவர்களா என்று வேலை பார்க்கிற பல் டாக்டர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு திட்டியவள் நான். ஒரு வண்டியின் கைப்பிடியைத் தொட்டேன். கை சுட்டது.

"பிரின்லி!" என்று டுவெயின் கத்தினான். "செல்லம்! அப்பா வந்துட்டேண்டி!"

பதில் இல்லை.

துண்டுகளைப் பிடுங்கி எறியத் தொடங்கினோம். டயப்பர் பை. தொப்பி. பாதி தின்ற பிரெட்ஸல் ரொட்டி. ஒரு வண்டியில் துண்டை எடுத்ததும் சின்னக் கை ஒன்று தெரிந்தது. அசையாத வெளுத்த கை. எனக்கு உயிரே போய்விட்டது. ரப்பர் பொம்மை அது. கண் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன். போய்க்கொண்டே கத்தினேன். பச்சைச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து அவர்களும் கத்தினார்கள். முற்றம் முழுக்க அவள் பெயர். எங்கிருந்தும் ஒரு சிணுங்கல்கூட இல்லை.

அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. முழித்திருந்தால் பதில் சொல்வாள். தூங்கினாலும் இந்தச் சத்தத்துக்கு எழுந்திருப்பாள். எழுந்திருக்கவில்லை என்றால்? அதற்கு மேல் நினைக்க என் மனசு ஒப்பவில்லை.

மார்லா திடீரென்று நின்றுவிட்டாள். முற்றத்தின் நடுவில், ஈரச் சட்டையோடு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்து ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நான் சொல்லவே இல்ல," என்றாள்.

"என்ன சொல்லல?"

"உள்ள வந்தப்புறம். துண்டை எடுத்துச் சொல்லவே இல்ல ரோனா. அவ தூங்கிட்டான்னு விட்டுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் கூப்பிட்டாலும் கேட்காது. சும்மா படுத்திருக்கும். எதுவரைக்கும்?

மார்லா என் கையை உதறினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"பாப்பாவுக்கு மூணு வயசு!"

பச்சைச் சட்டைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"பாப்பாவுக்கு மூணு வயசு! அம்மா சொல்றேன்! பாப்பாவுக்கு மூணு வயசு ஆயிருச்சுடி, என் தங்கம்!"

சுவரோரம் கடைசி வரிசையில், நாங்கள் இன்னும் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம், ஒரு வெள்ளைத் துண்டு அசைந்தது. துண்டுக்கு அடியிலிருந்து ரப்பர் நிப்பிள் ஒன்று சிமெண்டில் விழுந்து உருண்டது.

மார்லா வண்டிகளைத் தள்ளிச் சாய்த்துக்கொண்டு போனாள். துண்டை விலக்கினபோது பிரின்லி முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. முடி தலையோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அழுது அழுது கன்னத்தில் உப்புக் கோடு. சத்தமே வராமல் அழுதிருக்கிறாள், அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவையும் அடக்கிக்கொண்டு. யாரோ என் கையில் திணித்த தண்ணீரை நீட்டினேன்; ஒரு வாய் குடித்தாள். கிசுகிசுப்பாகத்தான் குரல் வந்தது.

"ஒரு அண்ணா கூப்பிட்டாங்க," என்றாள். "பச்சைச் சட்டை. நான் பேசவே இல்லம்மா."

டுவெயின் அங்கேயே சிமெண்டில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். கோல்பி தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து அந்த வண்டியின் கைப்பிடியில் கட்டிக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

முதலுதவி அறை குளிர்ச்சியாக இருந்தது. நர்ஸ் நல்லவள், அவசரப்படாதவள். காய்ச்சல் பார்த்தாள், நாடி பிடித்தாள். "வெயில் நல்லா தாக்கியிருக்கு. நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று அவள் தொடங்கி, மார்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிரின்லியைக் கட்டிலில் கிடத்தி, ஒரு வெள்ளைத் துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கழுத்துவரை போர்த்தினாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவளும் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தாள்.

"பேரு என்னடா கண்ணு?"

பிரின்லி பேசவில்லை.

"சரி, வயசாவது சொல்லு பாப்போம்."

"மூணு," என்றாள் மார்லா. "மூணு வயசு."

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. இரண்டு விரல்.

"இல்லடா தங்கம், ஆட்டம் முடிஞ்சிருச்சு. பயப்படாத. மூணுன்னு காட்டு." மார்லா அந்தக் கையைப் பிடித்து மூன்றாவது விரலை நிமிர்த்தினாள்.

பிரின்லி நர்ஸைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அம்மாவின் சட்டையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நிமிர்த்திய விரலை மறுபடி மடக்கிக்கொண்டாள்.